சங்கு ஊதினால் வருவேன் என்றீர்கள்

அக்கா,

பிளாஸ்டிக் கவரின் முடிச்சை அவிழ்த்தால் இன்னும் உங்கள் வாசம் வருகிறது. தேங்காய் எண்ணெய், வெற்றிலை, தலைவலித் தைலம், கொஞ்சம் பால் பவுடர். உள்ளே இருப்பது உங்களுடைய நீலப் பூப்போட்ட வாயில் துணிச் சேலையின் பாதி. உங்கள் வீட்டைக் காலி செய்த அன்று உங்கள் தங்கை மகன் அதைத் தூக்கிக் காட்டி, "பாதிதானுங்க இருக்குது, யாருக்கும் ஆகாது. மத்த துணியோட எரிச்சிரட்டுங்களா?" என்றான். பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். அடிக்கடி திறந்தால் வாசம் போய்விடும் என்று தெரிந்தும் திறந்துகொண்டே இருக்கிறேன். போன வாரத்தைவிட இந்த வாரம் குறைந்துவிட்டது.

இன்று சாயங்காலம் இலங்கையிலிருந்து, ஹட்டனிலிருந்து போன் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதில் என் பங்கை நான் உங்களிடம் ஒருநாளும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை.

குன்னூருக்குக் கீழே நம் எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க், நீங்கள் பக்கத்துக் கட்டடத்தில் பிள்ளைக் காப்பக ஆயா. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், கைப்பிள்ளையோடு ஒரு பெண் தொட்டில் கட்ட வெள்ளையாகத் துவைத்து மடித்த சேலை கொண்டுவந்தாள். நீங்கள் அதைத் தொடக்கூட இல்லை. "நேத்துக் கட்டுனத குடும்மா, துவைக்காம. சோப்பு வாசத்துல புள்ள தூங்காது" என்று திருப்பி அனுப்பினீர்கள். நான் முகம் சுளித்தேன். மறுநாள் வந்து பார்த்தேன், அம்மாவின் அழுக்குச் சேலைக்குள் அந்தப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

விவரம் தெரிந்த பிள்ளைகள் அழுதால் அவர்களுக்கு வேறு மருந்து வைத்திருந்தீர்கள். "அழாத கண்ணு. சங்கு ஊதுனா அம்மா வந்துரும்." நாலரைக்கு ஃபாக்டரிச் சங்கு ஊதும். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அம்மாக்கள் ஓடி வருவார்கள். முப்பது வருடம் அதே வார்த்தை, ஒருநாளும் பொய்த்ததில்லை. இலங்கைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பன்னிரண்டு வயதில் கப்பலேறி இங்கே வந்தவர் நீங்கள். ஃபாக்டரியைக் கடைசிவரை இஸ்டோரு என்றுதான் சொன்னீர்கள், நானும் கடைசிவரை கேலி செய்தேன்.

நீங்கள் ரிட்டயர் ஆன வருடம், ஹட்டன் பக்கத்துச் சிறுவர் இல்லத்திலிருந்து மேட்ரன் பேசினார். உங்களோடு லயத்தில் விளையாடிய தோழியின் மகள் அவர். டிசம்பரில் வேலையாட்கள் எல்லாரும் பண்டிகைக்குப் போய்விடுவார்கள், சின்னதுகளைப் பார்க்க ஆளில்லை என்றார். நீங்கள் நேரே என் மேஜைக்கு வந்து நின்றீர்கள்.

"கிளார்க்கம்மா, எனக்கு பாஸ்போட்டு எழுதிக் குடு."

"ஊட்டிக்குப் போறதுக்கே பஸ்ல வாந்தி எடுப்பீங்க. ப்ளேன்ல எப்படிங்க்கா போவீங்க?"

"லீவுக்கு எல்லாரும் வூட்டுக்குப் போயிருவாங்க. அந்தப் புள்ளைங்க எங்கடி போகும்?"

இரண்டு பேருக்குமாக ஃபாரம் எழுதினேன்.

திருச்சியில் ப்ளேன் ஏறி, கொழும்பில் ரயில் பிடித்து அங்கே போய் இறங்கினால், நம் ஊர் மாதிரியே பனி, நம் ஊர் மாதிரியே தேயிலை. பெரிய பிள்ளைகளும் சமையல்கட்டும் என் பொறுப்பு, சின்னதுகள் உங்கள் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். சின்னதுகளில் ஒன்றுதான் தர்சினி. மூன்று வயது. தாய் தகப்பன் இல்லை, வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அது தூங்குவதே இல்லை. கண் சொருகும்போதெல்லாம் திடுக்கிட்டு எழுந்து ஆளைத் தேடும்.

இரண்டாம் நாள் மத்தியானம் நீங்கள் முந்தைய நாள் கட்டிய நீலச் சேலையை எடுத்து நடுவில் கிழித்தீர்கள். பாதியை வராந்தா உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டினீர்கள். "மூணு வயசுப் பிள்ளைக்குத் தொட்டிலா?" என்று சிரித்தேன். தர்சினி அதற்குள் சுருண்டு, துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்கினாள். நான் பெருமையாகப் படம் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன்.

மேட்ரன் மட்டும் சந்தோஷப்படவில்லை. "ரொம்பப் பழக்காதீங்க ஆயாம்மா. நீங்க போனப்புறம் நாங்கதான் பாக்கணும்" என்றார். "தூங்காத புள்ளய எப்படிம்மா சும்மா பாத்துக்கிட்டு இருக்கிறது?" என்று கேட்டீர்கள். நாம் இருந்த பத்து நாளும் தர்சினி உங்கள் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

கிளம்பிய நாளன்று வேன் கேட்டுக்கு வெளியே நின்றது. தர்சினி உங்கள் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். நீங்கள் குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தீர்கள். "அழாத கண்ணு. சங்கு ஊதுனா வந்துருவேன்." அவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள், காப்பகத்துப் பிள்ளைகள் நிறுத்துவது போலவே. எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அப்பாடா என்று வேனில் ஏறினேன்.

கடைத்தெரு திரும்பும்போது அந்த ஊர் ஃபாக்டரியின் சங்கு ஊதியது. உங்கள் முகம் வெளுத்தது. "என்னா சொல்லிட்டு வந்தேன் நான்?" என்றீர்கள். "அந்தப் புள்ள கேட்டுல நிக்கும்டி. வண்டியத் திருப்பச் சொல்லு."

நான் திருப்பச் சொல்லவில்லை. ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. போய்த் திரும்ப இருபது நிமிடம் போதும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். "மறுபடியும் ஒரு அழுகை வேணுமாங்க்கா? சின்னப் புள்ள, நாளைக்கு மறந்துரும்" என்றேன். உங்களை ஒரு ஃபைல் மாதிரி முடித்துக் கட்டினேன்.

அவள் மறக்கவில்லை. தினமும் சங்கு ஊதியதும் கேட்டுக்கு ஓடுகிறாள் என்று ஒரு வாரத்தில் மேட்ரன் போன் செய்தார். அதற்குப் பிறகு நான் எழுதாத மனு இல்லை. பிள்ளையைக் கூட்டி வந்து வளர்க்க முடியுமா என்று இரண்டு நாட்டு ஆபீஸ்களுக்கும் எழுதினேன். உங்கள் வயது ஆகாது, துணை இல்லாதவர், வேறு நாட்டுக்காரர் என்று எல்லாரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். அங்கேயே போய்த் தங்கிவிடுகிறேன் என்றீர்கள். பிறந்த மண்ணில் உங்களுக்கு முப்பது நாள் விசாதான் கிடைக்கும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "பொறந்த எடத்துக்கா?" என்று கேட்டீர்கள். அதற்கப்புறம் நாலரை மணிக்கு நம் சங்கு ஊதும்போதெல்லாம், எங்கே இருந்தாலும், காதைப் பொத்திக்கொள்வீர்கள்.

இந்த டிசம்பருக்கு இரண்டு டிக்கெட் போட்டோம். ஐப்பசி மழையில் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதுக்கிட்ட யாராச்சும் சொல்லணும்டி" என்றீர்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு நாலேகாலுக்குப் போன் வந்தது. நீங்கள் கண்ணை மூடிய அன்றே மேட்ரனிடம் செய்தி சொல்லியிருந்தேன். "புள்ளைக்கு நாங்க இன்னும் சொல்லல. நீங்க சொன்னா கேக்கும், ஒங்களயும் அதுக்கு ஞாபகம் இருக்குது" என்றார். சரி என்றேன். அவர் பிள்ளையைக் கூட்டி வரப் போனார். ஆயாம்மா சாமிகிட்டப் போய்ட்டாங்க, இனிமே வர மாட்டாங்க, உன் மேல கோபம் இல்லை. மூன்று வரி. துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆபீஸ் புத்தி.

தர்சினி போனை வாங்கியதும் ஹலோ சொல்லவில்லை. "தொட்டில் கிழிஞ்சிருச்சு" என்றாள். பேச்சு நன்றாக வந்துவிட்டது அவளுக்கு. நான் தாளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினேன். அப்போது போனுக்குள் அவர்கள் ஊர்ச் சங்கு ஊதியது. அதே நேரத்தில் இங்கே நம்முடையதும். இரண்டு ஊருக்கும் ஒரே நாலரை என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சங்கு ஊதுது. ஆயாம்மா வாராங்களா?"

தாள் என் கையில்தான் இருந்தது, அக்கா. எழுத்தும் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "அழாத கண்ணு," என்றேன். அவள் அழவே இல்லை. "இன்னிக்கு இல்ல. நாளைக்குச் சங்கு ஊதட்டும்."

"சரி" என்று போனை வைத்துவிட்டாள். கேட்டுக்கு ஓடியிருப்பாள்.

அன்று வேனில் உங்கள் மேல் எவ்வளவு எரிச்சல் பட்டேன்! ஒரு பெரிய மனுஷி, யோசிக்காமல் பிள்ளையிடம் இப்படியா சொல்வாள் என்று மனசுக்குள் திட்டினேன். யோசித்து, எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்த நானும் அதையேதான் சொன்னேன்.

டிசம்பருக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும், இன்னும் கை வரவில்லை. இந்தப் பாதிச் சேலையைத் துவைக்காமல் எடுத்துப் போகிறேன். வாசம் மிச்சம் இருந்தால் வராந்தாவில் தொட்டில் கட்டிக் கொடுப்பேன். அவளுக்கு நாலு வயது ஆகிவிட்டது, கால் வெளியே நீட்டும், பரவாயில்லை. பத்து நாள் அவளைத் தூங்க வைக்க என்னால் முடியும். பதினோராம் நாள் வேன் வந்து நிற்கும். அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். விரல்களைப் பிரிக்கும்போது நான் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை, அக்கா.