வயிறு என்று சொல்லி வைத்தோம்

பிப்ரவரி 3, செவ்வாய்

புவியியல் தேர்வு சுமார்தான். எரிமலைக் கேள்வியில் கோட்டை விட்டேன். அம்மாவிடம் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வேலையிலிருந்து வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் ஆபரேஷன் பண்ணிக்கப்போறேன். டாக்டரப் பாக்க நேரம் வாங்கிட்டேன்."

அம்மா மெஷினை நிறுத்தவில்லை. "எதுக்குடா?"

அவன் தன் மார்பைத் தட்டிக் காட்டினான். மெஷின் நின்றது.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாருமே பேசியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா அவனுக்குத் தைக்கும் சட்டைகளில் இரண்டு பக்கமும் மூடி போட்ட பை இருக்கும். துணியும் கெட்டியாக இருக்கும். வெயில் காலத்திலும் உள்ளே பனியன் போட்டிருப்பான். அதுதான் அவனுக்குப் பிடித்த மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், இது தெரியவில்லை!

அவன் ஏசி மாட்டும் கம்பெனியில் மெக்கானிக். நேற்று ஏணியில் நின்றபோது சட்டை வியர்வையில் உடம்போடு ஒட்டி, பெண்களுக்கு இருப்பதுபோல் மார்பு புடைத்துத் தெரிந்திருக்கிறது. கூட வேலை செய்கிற யாரோ அதைப் படம் எடுத்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கீழே என்ன எழுதினார்கள் என்று கேட்டேன். "உனக்கு வேணாம்" என்றான். முதலாளிகூடச் சிரிக்கிற பொம்மை போட்டாராம்.

எரிமலையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

பள்ளி நூலகத்தில் தடித்த மருத்துவப் புத்தகம் ஒன்று இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை. ஆண்களுக்கும் மார்பில் கொஞ்சம் சுரப்பித் திசு உண்டாம். ஹார்மோன்களின் அளவு முன்பின் ஆனால் அது வளரும். என் வயதுப் பையன்கள் பலருக்கு இப்படி வந்து, ஓரிரு வருடத்தில் தானே மறைந்துவிடும். சிலருக்குத் தங்கிவிடும். வெறும் கொழுப்பாக இருந்தால் உடற்பயிற்சியில் குறையலாம். சுரப்பி குறையாது.

அண்ணனிடம் இதைச் சொன்னேன்.

"நாலு வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து தண்டால் எடுக்கிறேன் டீச்சரம்மா. எவனாவது ஒருத்தன் இதச் சொல்லியிருந்தா நிம்மதியா தூங்கியாவது இருப்பேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 7, சனி

டாக்டரைப் பார்க்கப் போனோம். திரைக்கு அந்தப் பக்கம் அண்ணனும் டாக்டரும், இந்தப் பக்கம் நானும் அம்மாவும். சத்தமாகப் பேசுகிற டாக்டர்.

காரணம் என்னவென்று தெரியாமல் கத்தி எடுக்க மாட்டேன் என்றார். ரத்தத்தில் ஹார்மோன், தைராய்டு, கல்லீரல் எல்லாம் பார்க்க வேண்டும். ஸ்கேனும் உண்டு. "ஆம்பளைக்கு மார்ல கேன்சர் வராதுன்னு யார் சொன்னது? அபூர்வம், ஆனா வரும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியா இருந்தா, காம்புல ரத்தம் வந்தா, உடனே ஓடி வரணும்."

பிறகு, "ஜிம்ல ஊசி, மாத்திரை ஏதாவது?"

"ஒரு டப்பா பவுடர் குடுத்தாங்க சார். உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாது."

"சிகரெட்?"

அம்மா திரையையே பார்த்தாள்.

"ஒண்ணு ரெண்டு சார்."

"எத்தனை ஒண்ணு, எத்தனை ரெண்டு?"

புகை பிடித்தால் காயம் ஆறாது, தோல் கருகிப்போகும், ஒரு மாதமாவது முழுசாக நிறுத்திவிட்டு வா என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது அம்மா முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினாள். உட்கார்ந்ததும், "நெஞ்சுல இருக்கிறது இருக்கட்டும். வாயில என்ன வெச்சிருந்தேன்னு முதல்ல சொல்லு" என்றாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 16, திங்கள்

பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. சுரப்பிதான், வேறொன்றும் இல்லை. சிகரெட்டை விட்டதில் அண்ணன் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறான். இன்று என் பேனா மேல்கூட எரிந்து விழுந்தான்.

மார்ச் 9, திங்கள்

கம்பெனியில் என்ன சொல்லி விடுப்பு கேட்பது? இதற்கு ஒரு பெரிய மாநாடே நடந்தது. "நெஞ்சுல ஆபரேஷன்னு சொல்லேன்" என்றேன் நான்.

"நெஞ்சுன்னா இதயமான்னு கேப்பாங்க. இதயம்னு பேரு வந்தா நாளைக்கு இவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா? இல்லன்னு விளக்கம் சொன்னா அதவிட மானக்கேடு" என்றாள் அம்மா. பேசாமல் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவிடலாமாம். யாருக்கு வேண்டுமானாலும் வரும், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டினான். இடது பக்கத்தைப் பிடித்திருந்தான். வலது பக்கம் என்று நான்தான் திருத்தினேன். மூவரும் சிரித்தோம்.

கப்பலில் இருக்கும் அப்பாவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணனை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அம்மா என் சடையை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுகிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். காம்பின் கருவட்டத்தின் ஓரத்தில் சின்னதாகக் கீறி, சுரப்பியை எடுத்து, சுற்றியிருந்த கொழுப்பைக் குழாயால் உறிஞ்சினார்களாம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பனியன் போட்டிருக்கிறான். குளிக்கும் நேரம் தவிர வாரக்கணக்கில் அதைக் கழற்றக் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. நானே தலை வாரி விட்டேன். வகிடு கோணலாகப் போய்விட்டது.

மார்ச் 18, புதன்

பனியனைக் கழற்றிக் கண்ணாடி பார்த்திருக்கிறான். குளியலறையிலிருந்து வெளியே வரவே இல்லை.

"முன்ன இருந்ததவிடப் பெருசா இருக்கு. தொட்டா எதுவுமே தெரியல. கட்ட மாதிரி இருக்கு. இதுக்காடீ இவ்வளவும்?"

அம்மா டாக்டருக்கு போன் செய்தாள். இரண்டு பக்கமும் வீங்குவதும் மரத்துப்போவதும் சகஜம்தான், வீக்கம் வடிந்து உருவம் தெரிய மாதங்கள் ஆகும், இப்போது கண்ணாடி பார்க்காதே என்றாராம். இதை முன்பே சொன்னாரா? சொன்னார். அவன்தான் கேட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

மார்ச் 21, சனி

கம்பெனியிலிருந்து பார்க்க வந்தார்கள். ஒருவர் பெயர் ஸ்பானர். நிஜப் பெயர் அவர் அம்மாவுக்காவது ஞாபகம் இருக்குமா தெரியவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து அவரே பாதியைத் தின்றார். நன்றாகச் சிரிக்க வைக்கிறார். அண்ணனுக்குச் சிரித்தால் மார்பில் வலிக்கிறது, பிடித்துக்கொள்வதோ வயிற்றை. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

"எங்க மாமாவுக்கும் இதேதான்டா. ஒரே வாரத்துல வண்டி ஓட்டிட்டாரு. நீ என்ன இளவரசன் மாதிரி படுத்திருக்க? சீசன் ஆரம்பிச்சாச்சு, முதலாளி பேயா கத்துறாரு. திங்கட்கிழமை வந்துடு."

"தையல் இருக்குண்ணே…"

"வயித்துலதானே தையல்? கைக்கு என்ன?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா ஆரஞ்சுத் தோலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கேள்விக்கு எங்கள் பொய்யில் பதில் இல்லை.

"வரேண்ணே" என்றான்.

மார்ச் 23, திங்கள்

போய்விட்டான். டாக்டர் ஆறு வாரம் என்று சொன்னாரே என்றேன். "சும்மா கூட நின்னு ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கப்போறான், அவ்வளவுதான்" என்றாள் அம்மா. அப்படிச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வேகமாக எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

காலையில் அவன் சட்டை பொத்தான் போடுவதைப் பார்த்தேன். முகம் வெளிறி இருந்தது. இடது பக்கம் மட்டும் பந்து மாதிரி இறுகிப் புடைத்திருந்தது. பனியனுக்கு மேலே தெரிந்த தோலில் நீலம்.

"வீக்கம்தான். டாக்டரே சொன்னாரில்ல?"

"அது ரெண்டு பக்கமும் அண்ணா. இது ஒரு பக்கம்தான். ராத்திரியிலேருந்தா? நேத்து ஏதாவது தூக்குனியா?"

"அம்மாகிட்ட சொன்னே, உன்கூடப் பேசவே மாட்டேன்."

கிளம்பிவிட்டான். நானும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் நிறுத்தம்வரை போனேன். பஸ் வந்தது. ஏறவில்லை. பேசாட்டிப் போறான், உயிரோட இருந்து பேசாம இருக்கட்டும்! மூச்சிரைக்க மாடி ஏறி அம்மாவிடம் சொன்னேன்.

அண்ணன் போனை எடுக்கவில்லை. மருத்துவமனைக்கு போன் செய்தோம்; நர்ஸ், உள்ளே ரத்தம் கட்டியிருக்கும், எதுவும் சாப்பிடாமல் உடனே கூட்டி வாருங்கள் என்றார். அம்மா முதலாளிக்கு போன் போட்டாள். அவர் குரல் எனக்கே கேட்டது.

"மேல ஏணியில இருக்கான்மா. ஒரே ஒரு யூனிட்டு, ஏத்தி முடிச்சதும் அனுப்பிடுறேன்."

"இப்பவே அனுப்புங்க சார், அவனுக்கு முடியல."

"வயித்து வலிதானே? ஒரு சோடா வாங்கிக் குடுக்கச் சொல்றேன்."

ஜன்னல் திறந்திருந்தது. எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே கத்தினாள்.

"வயிறு இல்ல சார்! மாரு! ரெண்டு பக்கமும் அறுத்து எடுத்திருக்கு. வயிறுன்னு பொய் சொன்னது நான்தான். உள்ள ரத்தம் கட்டிக்கிட்டிருக்கு. எம்பிள்ளைய ஏணியிலேருந்து இறக்குங்க!"

போனில் முதலாளி தன் ஆட்களைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது.

நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்பெனி வேன் வாசலில் நின்றது. இறங்கும்போது அண்ணன் ஸ்பானரின் தோளில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மார்ச் 26, வியாழன்

அன்றே திரும்பத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் தோலே செத்திருக்கும் என்றார் டாக்டர். ஆறு வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

ஸ்பானர் இரண்டு நாளும் வந்தார். ஆரஞ்சு இல்லை, ஜோக்கும் இல்லை.

"எங்ககிட்ட சொல்லியிருந்தா என்னடா?"

"படம் போட்டீங்களே, உங்ககிட்டயா?" என்றான் அண்ணன்.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து, அண்ணனின் போர்வையைச் சரி செய்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு அண்ணன் என்னிடம், "தண்ணி எடுடீ" என்றான். பேசிவிட்டான்.

மார்ச் 30, திங்கள்

எடுத்த திசுவில் கெட்டது எதுவும் இல்லை. சரித்திரத் தேர்வு நன்றாக எழுதினேன்.

மே 11, திங்கள்

இன்று வேலைக்குப் போனான். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தன் "அக்கா வந்தாச்சா" என்றானாம். "அக்காவே வந்துட்டேன், ஏணியப் புடி" என்று இவன் சொல்லியிருக்கிறான். மற்றவர்கள் சிரித்தார்களாம், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியவில்லையாம். வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

ஜூலை 18, சனி

இடது காம்புக்குக் கீழே சின்னக் குழி விழுந்திருக்கிறது. அங்கே தொட்டால் இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். எல்லாம் அடங்கிய பிறகு வேண்டுமானால் சரி செய்யலாம் என்கிறார் டாக்டர். சில நாள் அவனுக்கு அது பெரிதாக இருக்கிறது, சில நாள் மறந்துபோகிறான்.

ஸ்பானரின் வாயை மட்டும் எந்த டாக்டராலும் தைக்க முடியாது. ஏசி மாட்டப் போகிற இடமெல்லாம் அண்ணனின் கதையைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அவரோடு சண்டைகூடப் போட்டான். அதன் பிறகுதான் இதே பிரச்சினை இருக்கிற ஆண்களிடமிருந்து அவனுக்கு போன்கள் வரத் தொடங்கின. முதலில் ஒரு லாரி டிரைவர். அப்புறம் ஏதோ பள்ளியின் விளையாட்டு ஆசிரியர், பிள்ளைகளை நீச்சலுக்கு அழைத்துப்போய்த் தான் மட்டும் தண்ணீரில் இறங்காதவராம்.

"மொதல்ல பரிசோதனை. நேரா கத்திகிட்ட போகாதீங்க" என்று சொல்வான். "வீங்கும், பயப்படாதீங்க. ஆனா ஒரு பக்கம் மட்டும் வீங்கினா, காய்ச்சல் வந்தா, அந்த நிமிஷமே போங்க. வேலையில உண்மையச் சொல்லுங்க. பொய்தான் சொல்லுவேன்னா தோள்பட்டைன்னு சொல்லுங்க, கையத் தூக்கச் சொல்ல மாட்டான்." அம்மா மெஷினிலிருந்து முறைப்பாள்.

இன்று சாயங்காலமும் ஒரு போன். அண்ணன் "ஹலோ" என்றான். அந்தப் பக்கம் பதில் இல்லை போலிருக்கிறது. "ஏசி விஷயமா?" என்றான். பதில் இல்லை. நான் தப்பான நம்பர் என்று நினைத்தேன்.

அண்ணன் வைக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பரவால்ல" என்றான். "மெதுவா சொல்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."