காலியாக விட்ட கட்டம்

இன்று காலை கணினியில் ஒரு காப்பீட்டுப் படிவத்தை நிரப்பினேன். ஒரு கேள்வியை வேண்டுமென்றே தொடாமல் விட்டேன். அனுப்பிய பிறகு பார்த்தால் அங்கே 'ஆம்' என்று இருக்கிறது. யாரோ எழுதிய ஒரு நிரல் வரி எனக்காகப் பதில் சொல்லிவிட்டது. கோபம்கூட வரவில்லை. உன் முகம்தான் வந்தது.

ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் அந்த கம்ப்யூட்டர் சென்டர். நீயும் நானும் ஒரே கணினியில் முட்டி மோதி பி.எச்.பி. என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தோம். நெசவுக் குடும்பங்களுக்கு வரன் பார்க்கும் இணையதளம் செய்யும் வேலை சென்டர் முதலாளிக்கு வந்தது. வீட்டார் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள், நாம் தட்டச்சு செய்து ஏற்றுவோம். 'பெண்ணின் விருப்பம்' என்ற கட்டத்தைச் சேர்த்ததே நீதான். அதை நிரப்பாமல் கொடுத்தவர்கள் பலர்.

"காலியா இருந்தா பொண்ணுக்கு இன்னாவோ குறைன்னு நினைப்பாங்கம்மா. எதனா போட்டு வுடுங்க," என்றார் முதலாளி.

"அவ ஒண்ணும் சொல்லலன்னா, சொல்லலன்னே காட்டட்டும்டி," என்றாய் நீ. நான் கேட்கவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் தானாகவே 'சம்மதம்' என்று காட்டும்படி நிரலில் ஒரே ஒரு வரி எழுதினேன். பக்கம் லட்சணமாக இருந்தது. எனக்குப் பெருமைகூட.

சில மாதம் கழித்து உன் அப்பா, நீயே எழுதிய உன் படிவத்தோடு வந்தார். அன்று நீ வேலைக்கு வரவில்லை. வேலூரில் எம்.சி.ஏ. படிக்க உனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா எதிரில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டிருந்தாய். நானும் அதை அப்படியே விட்டு மற்றதை ஏற்றினேன். திரையில் 'சம்மதம்' என்று வந்து நின்றது.

உன் அப்பா எட்டிப் பார்த்தார். "சம்மதம்னு போட்டுக்கீதே. வாயால சொல்ல வெக்கப்பட்டுகினு இருந்துக்கீது," என்று சிரித்தார்.

'மாமா, அது அவள் எழுதியதில்லை, என் வரி' என்று நான் சொல்லியிருக்கலாம். முதலாளி பக்கத்திலேயே நின்றார். நான் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

வந்தவாசியில் உன் புகுந்த வீட்டுக்கு ஒரே ஒரு முறை வந்தேன். வாசல்வரைகூட உன்னைத் தனியாக விடவில்லை. காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்கும்போது மெதுவாகச் சொன்னாய்: "மாட்டிகினேன்டி. ஃபாரம் உன் கைக்குத்தான் வரும், நீ புரிஞ்சிக்குவன்னு நம்பித்தான் காலியா வுட்டேன்."

இரண்டு வருடத்தில் மஞ்சள் காமாலையில் நீ போனதாகச் சேதி வந்தது. காரியம் முடிந்து திரும்பிய அன்றே சென்டருக்குப் போனேன். யாரையும் கேட்காமல் அந்த வரியை அழித்தேன். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தேன். ஆரணிப் பெண்கள், முள்ளிப்பட்டுப் பெண்கள். பாதிக்கு மேல் அந்தக் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. அவர்களில் எத்தனை பேருக்கு நான் சம்மதம் சொல்லிக் கல்யாணம் செய்து வைத்தேனோ, இன்றுவரை விசாரிக்கத் துணிவில்லை.