முன் கவுண்டர் முகமும் ஒரு பாட்டில் ரிமூவரும்

அன்புள்ள சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். என் முகமும் இப்போது சுகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் நீ கேட்டது முழுக்க அதைப் பற்றித்தான். கன்னம் சிவந்து கிடப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த வயசுல இந்த மேக்கப்பெல்லாம் தேவையா, பேசாம விட்டுடும்மா" என்றாய். நான் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. போனில் கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன், அதனால்தான் முகம் தெளிகிற வரை பொறுத்திருந்து இந்தக் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது, உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ பள்ளிக்கூடம் போன காலம், காலேஜ் போன காலம், கல்யாணமாகிப் போன காலம் எல்லாம் நான் அந்த டிரை கிளீனிங் கடையில் பின்னால் இருக்கிற ஸ்டீம் அறையில் நின்றது உனக்குத் தெரியும். அந்த அறையில் முகத்தில் எதுவும் நிற்காது சின்னு. காலையில் பவுடர் போட்டுக்கொண்டு போனால் முதல் கோட்டுக்கு இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் கழுத்து வழியாக இறங்கிவிடும், கண்ணுக்கு மை வைத்தால் யாரோ அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். அலங்காரத்தில் ஆசையில்லாதவள் என்று நீங்களெல்லாம் நினைத்துக்கொண்டீர்கள். ஆசை இருந்தது, ஆவி விடவில்லை, அவ்வளவுதான். இப்போது முன் கவுண்டரில் இருந்த அம்மா மகனோடு வேறு ஊருக்குப் போய்விட, துணியைப் பார்த்ததுமே என்ன கறை என்று சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை அங்கே போட்டார்கள். ஏசி காற்று, நாற்காலி, எதிரே கண்ணாடிக் கதவு. பக்கத்துக் கவுண்டர் பெண்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் பவுண்டேஷன், லிப்ஸ்டிக், மஸ்காரா எல்லாம் வாங்க வைத்தாள். முதல் நாள் போட்டுக்கொண்டு போனபோது கண்ணாடிக் கதவில் ஒரு பெண் வருவது தெரிந்தது, யாரோ வாடிக்கையாளர் என்று ஒதுங்கி வழிவிட்டேன். அது நான்தான். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொல்லவே இல்லை, வெட்கமாக இருந்தது.

பிறகுதான் முகம் எரிய ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் சிவந்து, கண்ணுக்குக் கீழே தோல் உரிந்து, சிரித்தால் கூட இழுத்துப் பிடித்தது. உடனே ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். உன் அத்தை போன் பண்ணி, "யார் பார்க்கப்போறாங்கன்னு இதெல்லாம் போடறீங்க அண்ணி" என்றாள். துணி போட வருகிற அத்தனை பேரும் பார்க்கிறார்கள், நான் என்ன திரைக்குப் பின்னாலா உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டேன். உன் தம்பி தலையைக் கூட நிமிர்த்தாமல் "மூஞ்சியச் சும்மா விடும்மா" என்றான். உன் அப்பாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன், அவர் நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கை கழுவுகிற பசையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு வந்து, "இன்ஜின் ஆயிலே போகுது, உன் லிப்ஸ்டிக் போகாதா" என்று நீட்டினார். உள்ளே நறநறவென்று மணல் மாதிரி இருந்தது. அன்பாகக் கொண்டு வந்த மனுஷனைத் திட்ட மனசு வரவில்லை, அதை வைத்துத் தண்ணீர்க் குழாயைத் தேய்த்தேன், பளிச்சென்று இருக்கிறது. இவர்கள் எல்லோரையும் சமாளித்துவிடலாம், மேனேஜரிடம்தான் அது நடக்கவில்லை. கறை எடுக்கிற கடையில் முன்னால் இப்படி ஒரு முகம் இருந்தால் நம் மருந்துதான் இப்படிச் செய்தது என்று ஜனங்கள் நினைப்பார்களாம், அதனால் "சரியாகிற வரைக்கும் உள்ள ஸ்டீம்ல இருங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். அந்த 'அப்புறம் பார்க்கலாம்' எனக்குத் தெரியாதா? உள்ளே போனால் மறுபடி வெளியே வர மாட்டேன். சரியாகணும்னா மேக்கப்பை நிறுத்து என்று எல்லோரும் ஒரே பாட்டு, அந்த நேரத்தில்தான் நீயும் போனில் அதையே பாடினாய்.

நான் நிறுத்தவில்லை, தோல் டாக்டரிடம் போனேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏன் போடுகிறாய் என்று கேட்கவே இல்லை. "எப்படி எடுக்கறீங்க?" என்றுதான் கேட்டார். அதுவரை ஒருத்தர் கூட அதைக் கேட்கவில்லை, நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. சொன்னேன். ஸ்டீம் அறைப் பயம் இன்னும் போகாததால் நான் வாங்கியதெல்லாம் வாட்டர்ப்ரூஃப், எதுவும் வழியக் கூடாது என்று. ஏசியில் உட்காருகிறவளுக்கு எதற்கு வாட்டர்ப்ரூஃப், நான் என்ன குளத்திலா கடை போட்டிருக்கிறேன்? அது லேசில் போகாது. எனவே வீட்டுக்கு வந்ததும் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முகத்தில் வைத்து, காலர் அழுக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்திருக்கிறேன், மிச்சத்தை வாசனை போட்ட ஈரத் தாளால் வழித்திருக்கிறேன். சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது சின்னு. பட்டுத் துணியை எவளாவது தேய்த்தால் அந்த அறையே அதிரக் கத்தியவள் நான். தேய்க்காதேடி, மருந்தை வைத்து ஊற விடு, தானாகக் கழன்று வரும், அப்புறம் ஒற்றி எடு என்று எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்பேன். ஊரார் பட்டுக்கு அவ்வளவு பதவிசு, என் சொந்த முகத்துக்குக் கால்மிதி மரியாதை. டாக்டர், சிவப்பு அடங்குகிற வரை எதுவும் போடாதீர்கள், பிறகு தாராளமாகப் போடுங்கள், தினமும் போடுகிறவர்களுக்குத் தோல் தினமும் தாங்குகிற ரிமூவர், அதாவது மேக்கப்பை எடுக்கிற திரவம் வேண்டும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள் என்றார். சூடும் ஆவியும் ஆகவே ஆகாது என்றும் சொன்னார். அதை அப்படியே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன், உள்ளே போனால் முகம் இன்னும் கெடும், வேண்டுமென்றால் நீங்களே டாக்டரைக் கேளுங்கள் என்று. அவர் முனகிக்கொண்டே விட்டார். வெறும் முகத்தோடு, அந்தச் சிவப்போடு, முன் கவுண்டரிலேயே உட்கார்ந்தேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

சிவப்பு அடங்கியதும் ரிமூவர் தேட ஆரம்பித்தேன், பெண் பார்க்கிற படலம் கெட்டது போ. கடைக்காரப் பெண் பூ வாசனை, பழ வாசனை என்று அடுக்கினாள், நான் முகத்தைத் துடைக்கப் போகிறேனா சாப்பிடப் போகிறேனா? வாசனை இல்லாதது, ஆல்கஹால் இல்லாதது என்று கேட்டு வாங்கினேன். எண்ணெயும் தண்ணீரும் இரண்டு அடுக்காக இருக்கிறதே, குலுக்கிப் போடுவது, அது மஸ்காராவை மந்திரம் போட்ட மாதிரி எடுத்தது, ஆனால் கண்ணில் பட்டால் கொஞ்ச நேரம் எல்லாம் மங்கல், உன் அப்பா இரண்டு பேராகத் தெரிந்தார், ஒருவரே போதும். தினசரிக்கு எனக்கு ஒத்துப்போனதை மைசெல்லர் வாட்டர் என்கிறார்கள், பார்க்க வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிறது. நேராக முகத்தில் போட்டுவிடவில்லை, முழங்கையின் உள்பக்கம் சில நாள் தடவிப் பார்த்தேன், அரிப்பு இல்லை, பிறகுதான் முகம். பஞ்சை நன்றாக நனைத்து, மூடின கண் மேல் வைத்துச் சும்மா இருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது, பிறகு மெதுவாகக் கீழே இழுத்தால் மை முழுக்கப் பஞ்சுக்கு வந்துவிடும். கடைசியில் சாதாரணத் தண்ணீரில் முகம் கழுவிவிட வேண்டும், பாட்டிலில் வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் நான் கழுவுகிறேன், எதையும் அலசாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாட்டர்ப்ரூஃப் எல்லாவற்றையும் பக்கத்துக் கவுண்டர் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன், அவள் நீச்சலுக்குப் போகிறவள்.

இப்போது முக்கியமான விஷயம். நான் பழையபடி மேக்கப் போட ஆரம்பித்து, முகமும் தெளிவாகி, ஒருநாள் மேனேஜர் கவுண்டருக்கு வந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "பார்த்தீங்களாம்மா, அந்தக் கண்றாவியெல்லாம் நிறுத்தினதும் முகம் எப்படி இருக்கு, நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றார். சிரித்துத் தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். பாதுகாப்பும் அதுதான், அவர் சந்தோஷமாகப் போயிருப்பார், நாற்காலியும் எனக்கே. என்னால் முடியவில்லை. கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன், பஞ்சை நனைத்தேன், வலது கன்னத்தில் வைத்துக் கொஞ்சம் பொறுத்து, மெதுவாக ஒரே இழுப்பு. பஞ்சில் என் கன்னத்தின் நிறம் முழுக்க வந்தது. அதை அவர் கையிலேயே கொடுத்து, "நிறுத்தலை சார், எடுக்கக் கத்துக்கிட்டேன்" என்றேன். அவர் பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கே போடுவது என்று தெரியாமல் அதைக் கையில் பிடித்துக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் ஒரு கன்னத்தில் பவுண்டேஷனும் ஒரு கன்னம் வெறுமையுமாக உட்கார்ந்து துணி வாங்கிப் போட்டேன், வந்த ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்துக் கவுண்டர் பெண் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். முகம் கெட்டது என்று இனி என்னை யாரும் உள்ளே அனுப்ப முடியாது, வேறு காரணம் தேடட்டும், அதற்கும் பதில் வைத்திருப்பேன்.

இனி உன் முறை. ஊரில் யார் சொன்னாலும் எனக்குத் தூசி, நீ விட்டுடும்மா என்றது மட்டும் வலித்தது. என் நல்லதுக்குத்தான் சொன்னாய், தெரியும், ஆனாலும் வலித்தது. நீ முதன்முதலில் சம்பளம் வாங்கி லிப்ஸ்டிக் வாங்கிக்கொண்டபோது இது தேவையா என்று நான் கேட்கவில்லையே. உனக்கு அந்த வயதில் கிடைத்தது எனக்கு இந்த வயதில் கிடைத்திருக்கிறது, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, போன தடவை வீடியோவில் உன் கண்ணைச் சுற்றி ஒரே கறுப்பு, முந்தின நாள் மையோடு தூங்கி எழுந்திருக்கிறாய், மறைக்காதே, கறை விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியாது. அங்கேயே வாசனை இல்லாத ரிமூவர் ஒன்று வாங்கி, கட்டில் பக்கத்திலேயே வைத்துக்கொள், குளியலறையில் வைத்தால் சோம்பலில் போக மாட்டாய். வீட்டுக்காரருக்கும் என் ஆசி, இரண்டு பேரும் மனசு ஒத்து, உடம்பைப் பார்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் சிரிக்க வைத்துக்கொண்டு நீடூழி வாழ வேண்டும். அடுத்த முறை வீடியோவில் கூப்பிடும்போது கடை நேரத்தில் கூப்பிடு, லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டுதான் எடுப்பேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். இல்லையென்றால் நிறம் சரியில்லை என்று சொல், மாற்றிக்கொள்கிறேன். விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
முன் கவுண்டரிலிருந்து,
உன் அம்மா.