ஊமை வண்டி

மார்ச் 3, செவ்வாய்

பள்ளிப் பேருந்தைக் காலைச் சுற்று முடித்து நிறுத்திவிட்டு நேராக அப்பாவிடம் போனேன். டாக்டர் நேற்றே கையை விரித்துவிட்டார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அப்பாவுக்கும் தெரியும்.

"நான் செத்தா என்னைக் கண்ணாடி வண்டியில எல்லாம் ஏத்திடாதீங்க. என் லாரியிலயே கொண்டு போங்க. நீ ஓட்டும்மா." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "யாரும் ஹாரன் மட்டும் அடிக்கக் கூடாது" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். லாரி வீட்டுக்குப் பின்னால் இரண்டு வருஷமாக அசையாமல் நிற்கிறது. நகருமா? நகர்த்துவேன்.

மார்ச் 5, வியாழன்

பேட்டரி செத்துக் கிடக்கிறது. டீசல் குழாயை எலி கடித்திருக்கிறது. டூல் பெட்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில் அப்பாவின் பட்டாளத்துப் பதக்கம். ஒரு துணிகூடச் சுற்றவில்லை. பட்டாளத்து பெல்ட் எப்போதோ தார்ப்பாய் கட்டப் போய்விட்டது.

போரைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. ஆனால் பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் கை நடுங்கும். வண்டியை ஓரம் கட்டிவிடுவார். தன் ஹாரனின் வயரையும் கழற்றிவிட்டார். வருஷா வருஷம் வண்டிச் சோதனைக்குப் போகும் காலையில் மாட்டுவார், திரும்பியதும் கழற்றுவார். வளைவுகளில் ஊர்ந்து போவார். நடுரோட்டில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நிற்பார். மற்ற லாரிக்காரர்கள் 'ஊமை வண்டி' என்று பெயர் வைத்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மாலையில் அண்ணன் வந்து கத்தினான். "படுத்திருக்கிற மனுஷன் காதுல விழுற மாதிரி சாவு வண்டி ரெடி பண்றியா?"

"அவர்தாண்ணா கேட்டாரு."

"அவர் ஆயிரம் கேப்பாரு. நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

அந்த நாலு பேரில் ஒருத்தரையாவது பேட்டரி தூக்க அனுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போதுதான் தோன்றுகிறது.

மார்ச் 8, ஞாயிறு

புது பேட்டரி, புதுக் குழாய். கிளம்பவில்லை. விடமாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

என் மகள் தாத்தாவின் கட்டிலில் ஏறிக்கொண்டாள். அவளுக்காக மட்டும் அப்பா ஹாரன் அடிப்பார் - வாயால். தாத்தா மூக்கை அவள் அமுக்கினால் "பாம்... பாம்..." என்பார். எங்கள் பிள்ளைக் காலத்தில் இந்த விளையாட்டு எல்லாம் கிடையாது. பேத்தி வந்த பிறகுதான் மனுஷன் இப்படி இளகினார். இன்றும் அமுக்கினாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"தாத்தாவுக்கு பேட்டரி போச்சும்மா" என்றாள் என்னிடம்.

சமையலறைக்குப் போய் அழுதேன். வேறென்ன செய்ய?

மார்ச் 12, வியாழன்

கிளம்பிவிட்டது! குபுகுபுவென்று கரும்புகை, தெருவே இருமியது. அண்ணன் உள்ளேயிருந்து ஓடி வந்தான். திட்டத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"அப்பா கண்ணை மூடிக்கிட்டு உதட்டை அசைக்கிறாரு. என்ன சொல்றாருன்னு புரியல."

எனக்குப் புரிந்தது. சாவியைத் திருப்பும் முன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அவர் தினமும் கும்பிடுவது அது. "ஆண்டவா, இன்னிக்கு என் வண்டியால யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாது." அவ்வளவுதான். தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்து போன நாளில்கூட அதைச் சொல்லாமல் வண்டியை எடுத்ததில்லை. இன்று நான் சொல்ல மறந்துவிட்டேன். எனக்கும் சேர்த்து அவர் சொல்லியிருக்கிறார்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான்.

மார்ச் 14, சனி

விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

மதியம் லாரிக்காரர் சங்கத் தலைவர் வந்தார். சங்கத்தில் ஒருவர் இறந்தால் வழி நெடுக வண்டிகளை நிறுத்தி, எல்லோரும் ஹாரனை அமுக்கிப் பிடித்து அனுப்பிவைப்பார்கள்.

"வேண்டாம்ணே."

"என்னம்மா இது? அது நாங்க செய்யிற மரியாதை. சத்தமில்லாம அனுப்பினா நாதியத்தவன் மாதிரி இருக்காதா?"

"உயிரோட இருந்தப்பவே அவரால தாங்க முடியலண்ணே. வேண்டாம்னு அவரே சொல்லிட்டுப் போயிருக்காரு."

"நான் சொல்றேன். ஆனா வர்றவன் அத்தனை பேர் கையையும் நான் பிடிக்க முடியுமா?"

நாளைக்கு ஒருத்தன் அடித்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிப்பேன். அப்பா கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பின்னால் அப்பாவோடு அண்ணன். என் பக்கத்து இருக்கையில் மகள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தேன், சொன்னேன், சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

பெரிய சாலைக்குத் திரும்பினால் இரண்டு பக்கமும் லாரிகள். எல்லாம் உறுமிக்கொண்டு நின்றன. முதல் வண்டிக்கு முன்னால் நின்ற தலைவர் கையைத் தூக்கினார். நான் கதவுப் பிடியில் கையை வைத்தேன்.

ஒவ்வொன்றாக இன்ஜின்கள் அணைந்தன. டிரைவர்கள் கீழே இறங்கி நின்றார்கள். அந்தச் சாலையில் எங்கள் லாரியின் சத்தம் மட்டும்தான்.

"ஏம்மா யாருமே ஹாரன் அடிக்கல?"

"தாத்தாவுக்குப் பிடிக்காதுல்ல."

மகள் தன் மூக்கைத் தானே அமுக்கிக்கொண்டு, மெதுவாக, "பாம்... பாம்..." என்றாள்.

கை நடுங்கியது. ஓரம் கட்டவில்லை. ஓட்டினேன்.