நகரும் சீட்டு மேசை

என் அக்கா பெற்றெடுத்த பேரரசியே, அதட்டுவதில் ஆயிரம் தளபதிகளுக்குச் சமமானவளே,

எனக்காக நீ தனியறை கேட்டிருப்பதாக சிஸ்டர் சொன்னாள். வேண்டாம் தாயே. இந்தப் பொது வார்டிலேயே என்னை விட்டுவிடு.

இடுப்பு முறிந்து வீட்டில் கிடந்தபோது, என் முகத்தையே பார்த்துச் சலித்துப்போய் பல்லிகூட அடுத்த அறைக்குக் குடிபோனது. சாப்பிட்டீங்களா என்று நீ போனில் கேட்பாய். பசியில்லை என்பேன். அது கிடக்கட்டும்.

இங்கே பக்கத்துக் கட்டிலில் ஒரு ரிட்டயர்டு போலீஸ்காரர். தினமும் சீட்டாடுகிறோம். சரித்திரம் காணாத தோல்விகளை எனக்குத் தருகிறார். போன வாரம் பொறுக்க முடியாமல் அவர் கைச்சீட்டை எட்டிப் பார்த்தேன்.

“யோவ், எந்திரிச்சு நின்னு எட்டிப் பாக்குறியே, வெக்கமாயில்ல?” என்று கத்தினார்.

அப்போதுதான் தெரிந்தது, நான் நிற்கிறேன்! டாக்டர்கள் கெஞ்சியும் அசையாத மலை தானாக எழுந்துவிட்டது.

“திட்டுறத நிறுத்தாதீங்க சார், அவர் அப்படியே நிக்கட்டும்!” என்றாள் சிஸ்டர்.

அன்றிலிருந்து அவள் சீட்டு மேசையைத் தினமும் கொஞ்சம் தள்ளிப் போடுகிறாள். எனக்குத் தெரியாதென்று நினைப்பு, கள்ளிக்கு! ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு நானும் கைத்தடியோடு நடக்கிறேன். யானைப்பசி எடுக்கிறது. சோறு போடுகிறவர் என்னைக் கண்டாலே ஒளிகிறார்.

தனியறையில் டிவி இருக்குமாமே. அதன் கைச்சீட்டை எட்டிப் பார்க்க முடியுமா, சொல்?

ஞாயிற்றுக்கிழமை வா. அதற்குள் மேசை வராந்தாவுக்குப் போயிருக்கும். கட்டிலில் என்னைத் தேடாதே.

இப்படிக்கு,
தோற்றுக்கொண்டே தேறிவரும் சக்கரவர்த்தி,
உன் மாமா