பாதுகாவலர் படிவத்தில் மூன்று கேள்விகள்

லிட்கம், சிட்னி
14.09.2025, ஞாயிறு

என் மகள் யாமினிக்கு,

உன் பள்ளிக்கூடம் கேட்ட படிவத்தை நேற்றுக் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். அதற்குள் நான் பட்ட மானக்கேட்டைக் கேள்.

சனிக்கிழமைகளில் நூலகத்தில் சமாதான நீதவான் ஒருவர் மேசை போட்டு இருப்பார், போனால் காசில்லாமல் சாட்சிக் கையெழுத்து வைத்துத் தருவார் என்று கோயில் கூட்டாளி சிறிதரன் சொன்னான். நான் மேய்ஸ் ஹில் கோயிலில் கார் நிறுத்த இடம் காட்டிவிட்டு, அந்தச் செம்மஞ்சள் மேலங்கியைக் கழற்ற மறந்து அப்படியே போய் நின்றேன். நீதவான் அம்மா என்னைக் கண்டதும் எழும்பி வந்தார். "இப்பதானா உமக்கு வர நேரம் கிடைச்சது?" என்கிற மாதிரி ஏதோ இங்கிலீஷில் சொல்லி, என்னைக் கூட்டிக்கொண்டுபோய் பழுதான போட்டோகொப்பி மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார். நான் மெஷின் திருத்த வந்த ஆள் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே கை விட்டுக் கசங்கிய தாள் ஒன்றை இழுத்தேன். மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது! பின்னால் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள். ஓ.எல். பரீட்சையை இரண்டாம் தரம் எழுதி ஒப்பேற்றியவனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு பட்டமளிப்பு.

படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. மூன்றுக்கும் பதில் போட்டிருக்கிறேன்.

நீ ஓமானுக்குப் போய் நாலு கிழமை ஆகிறது. அம்மாவுக்கு இரண்டு வரி, எனக்கு ஒரு வரியும் இல்லை. அங்கே வட்ஸ்அப்பில் கதைக்க முடியாதாம். சரி, பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கிற ரீச்சர்தானே, அப்பாவுக்கும் எழுதலாம். உனக்குப் பார்த்த கிரான்பர்ன் பொடியனுக்கு மெல்பேர்னிலேயே கல்யாணம் சரிவந்துவிட்டதாம். சும்மா தகவலுக்குச் சொன்னேன். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நீ அறையைவிட்டு வெளியே வராததால், அவர்களுக்குச் சுட்ட ரோல்ஸ் முழுவதையும் நானே தின்று முடித்தது உனக்கு நினைவிருக்கும்.

உன் அப்பா,
யோகேஸ்வரன்


ஓமான்
03.10.2025

அப்பாவுக்கு,

மற்ற ரீச்சர்மாரை விட்டுவிட்டு என்னை மட்டும் ஏன் வாசலில் மறிக்கிறார்கள் என்று மூன்று கிழமையாக எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கு எங்கள் விடுதி வோர்டன் கோப்பைத் திறந்து உங்கள் படிவத்தைக் காட்டினார். பள்ளி வான் இல்லாமல் வெளியே போகலாமா? இல்லை. இரவு வேறிடத்தில் தங்கலாமா? இல்லை. கடவுச்சீட்டைக் கையில் கொடுக்கலாமா? இல்லை. மூன்றுக்கும் கீழே உங்கள் கையெழுத்து. எனக்கு வயது இருபத்தொன்பது.

கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும்தான் அந்தப் படிவம். தாய் அல்லது தகப்பன் நிரப்ப வேண்டும். வேறு எல்லாருடைய தகப்பன்மாரும் மூன்றுக்கும் "ஆம்" போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது ஒரு சடங்கு, அவ்வளவுதான். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு ரீச்சர் என்னைப் பார்த்து, "என்ன, உங்கட அப்பா நீங்க இன்னும் நேர்சரிக்குப் போறீங்களெண்டு நினைச்சிட்டாரா?" என்று கேட்டா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

எப்படி இருக்கிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இது மஸ்கட்டிலிருந்து மூன்றரை மணித்தியாலம் தள்ளி உள்ள ஊர். ரயர் கடைக்கு மேல்மாடி, மூன்று அறை, ஆறு ரீச்சர்மார். செவ்வாயும் சனியும் தண்ணீர் பவுசர் வரும். வராவிட்டால் வாளியில் மிச்சம் பிடித்ததுதான். மத்தியானம் குழாயைத் திறந்தால் தேயிலை போடலாம், அவ்வளவு சூடு. பிரிட்ஜில் எனக்கு ஒரு தட்டில் பாதி. ஏசியிலிருந்து ஒழுகுகிற தண்ணீருக்கு என் கட்டில் தலைமாட்டில் ஒரு சட்டி. இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. பின்னேரம் மற்ற ஐந்து பேரும் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறார்கள். நான் யன்னலால் ரயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வானில் கடைக்குப் போய் ஒரு மணித்தியாலத்தில் ஏறிவிட வேண்டும். ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்குவதென்றாலும் வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்க வேண்டும்.

இப்போது கவனமாக வாசியுங்கள். மஸ்கட்டில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்று நவம்பர் 13ஆம் திகதி என்னை நேர்முகத்துக்கு வரச்சொல்லியிருக்கிறது. முதல்நாள் இரவு அங்கே தங்க வேண்டும். இங்கே எனக்கு நவம்பர் 30 வரைக்கும்தான் பரீட்சார்த்த காலம். அதற்குள் விலகாவிட்டால் இரண்டு வருடம் இந்த யன்னல்தான். ஆகவே புதுப் படிவம் ஒன்று அனுப்புங்கள். மூன்றுக்கும் "ஆம்". யாரும் கேட்டால் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறாள் என்று சொல்லுங்கள். நேர்முகம் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியக்கூடாது.

யாமினி


லிட்கம்
12.10.2025

அன்புள்ள யாமினி,

உன் கடிதத்தை மின்னஞ்சலில் திறந்து இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் அம்மாவின் கண்ணாடியைப் போட்டு வாசித்ததால் பாதிக் கோபம்தான் தெரிந்தது. என்னுடையதைத் தேடிப் போட்டதும் மிச்சமும் தெரிந்துவிட்டது.

படிவம் பொடி எழுத்தில் இருந்தது பிள்ளை. எந்தப் பெட்டி எதற்கு என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பஸ் ஓட்டினவனுக்குச் சிவப்பும் பச்சையும்தான் தெரியும்.

புதுப் படிவம் எதற்கு, தகப்பன் கைப்பட ஒரு கடிதம் எழுதினால் அதற்கு மதிப்புக் கூட என்று நினைத்து உன் அதிபருக்கு நேரே எழுதிவிட்டேன். பொய் எழுத மனம் வரவில்லை. என் மகள் மஸ்கட்டுக்கு ஒரு நேர்முகத்துக்குப் போகப் பார்க்கிறாள், கெட்டிக்காரி, ஆனால் வழி தவறக் கூடியவள், ஒருதரம் ரயிலில் பரமட்டாவில் இறங்க வேண்டியவள் நித்திரையாகிப் பென்ரித் வரைக்கும் போனவள், ஆனபடியால் வோர்டனும் கூடப் போனால் நல்லது, திரும்பி வந்ததும் எனக்கு ஒரு தகவல் அனுப்பவும் என்று எழுதினேன். இங்கிலீஷில் ஒரு பக்கம்! சிறிதரன் பார்த்துவிட்டு, "அண்ணை, இதை அனுப்பத்தான் போறியளோ?" என்றான். அவனுக்குப் பொறாமை.

மூன்று அறையில் ஆறு பேர் என்கிறாய். இங்கே உன் அறை பூட்டியபடி கிடக்கிறது, ஏசியும் ஒழுகவில்லை. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா


ஓமான்
24.10.2025

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தார். முழுவதையும். பென்ரித் வரைக்கும்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்களிடம் என்ன குறை கண்டு வேறு இடம் தேடுகிறீர்கள்?" என்று கேட்டார். உங்கள் படிவத்தை மேசையில் வைத்து, தகப்பன் சம்மதிக்காமல் ஒரு இரவும் வெளியே விடமாட்டேன், கூட அனுப்ப வோர்டனும் இல்லை என்றார். இப்போது வெள்ளிக்கிழமை வானில் வோர்டன் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறார். உடுப்புக் காயப்போடுகிற மொட்டைமாடிக் கதவைக்கூட ஆறு மணிக்குப் பூட்டுகிறார்கள். என்னால் மற்ற ஐந்து பேருக்கும் அந்தக் காற்றும் இல்லை. போன சனிக்கிழமை பவுசர் வரவில்லை. திங்கட்கிழமை தலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு போய்ப் பாடம் நடத்தினேன்.

பொடி எழுத்து என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடம் சிட்னியில் பஸ் ஓட்டினீர்கள். வேலை நேர அட்டவணையில் அவர்கள் பத்து நிமிடம் குறைத்தால் யூனியனுக்கு மூன்று பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள். இங்கிலீஷ் தெரியாது என்று சொன்னால் சிரித்துவிட்டு விடுவதற்கு நான் உங்கள் கோயில் கூட்டாளி இல்லை. வாசித்துத்தான் போட்டீர்கள். நேர்முகத்தையும் தெரிந்துதான் காட்டிக்கொடுத்தீர்கள்.

இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. புதுப் படிவத்தை அனுப்புங்கள். கதை வேண்டாம், பகிடி வேண்டாம். மூன்று தரம் "ஆம்", ஒரு கையெழுத்து.

யாமினி


லிட்கம்
27.10.2025

யாமினி,

தகப்பனுக்கு இப்படி எழுதப் படிப்பித்தது யார்? நான் இல்லை. எனக்குத்தான் படிப்புக் காணாதே.

சரி, வாசித்துத்தான் போட்டேன். என்ன செய்யப்போகிறாய்? இங்கே பிளாக்டவுனில் நல்ல பள்ளிக்கூட வேலை. அதை எறிந்துவிட்டு, "உங்கட வீட்டில எனக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லிப் போனவள் நீ. போன இடத்தில் மூச்சு எப்படி இருக்கிறது? என் வீட்டில் மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு இல்லை. மொட்டைமாடியே இல்லை என்பது வேறு கதை.

புதுப் படிவம் தரமாட்டேன். நீ வீட்டுக்கு வருகிறாய் என்று ஒரு வரி எழுது, அடுத்த நிமிடமே மூன்றுக்கும் ஆம் போட்டு அனுப்புகிறேன். கடவுச்சீட்டை வாங்கு, மஸ்கட்டில் ஒரு இரவு என்ன, ஒரு கிழமை தங்கு, ஊரைச் சுற்றிப் பார், பிறகு பிளேன் ஏறு. விமான நிலையத்துக்கு நான் வருவேன், அந்தச் செம்மஞ்சள் மேலங்கி இல்லாமல்.

அம்மாவிடம் முறையிட்டுப் பிரயோசனம் இல்லை. நான் சொல்வதுதான் அவளுடைய முடிவும்.

அப்பா


மஸ்கட்
15.11.2025

அப்பாவுக்கு,

நேர்முகத்துக்குப் போனேன். வேலை கிடைத்துவிட்டது. பழைய இடத்துக்கு விலகல் கடிதம் கொடுத்தாயிற்று. கடவுச்சீட்டு என் கைப்பையில் இருக்கிறது.

எப்படி என்று யோசிப்பீர்கள். தாய் அல்லது தகப்பன் என்று முதலிலேயே எழுதியிருந்தேன். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. அம்மாவை நீங்கள் எப்போது கவனித்தீர்கள்? உங்கள் கடைசிக் கடிதத்தை அப்படியே அம்மாவுக்கு அனுப்பினேன். "நான் சொல்வதுதான் அவளுடைய முடிவும்" என்ற வரியை அம்மா வாசித்தா. இரண்டு நாள் கழித்துப் படிவம் வந்தது. மூன்றுக்கும் "ஆம்", கீழே இராஜேஸ்வரி யோகேஸ்வரன் என்று முத்து முத்தாக.

நீங்கள் கார் எடுக்காமல் கடைவாசலுக்கும் போகாத அம்மா, நீங்கள் கோயிலில் நின்ற நேரம் தனியாக ரயில் ஏறி ஓபர்ன் நூலகத்து நீதவானிடம் போயிருக்கிறா. லிட்கம் நூலகத்தில் யாரும் கண்டு உங்களிடம் சொல்லிவிடுவார்களாம். "எங்க இறங்கிறதெண்டு பக்கத்தில இருந்த பிள்ளையைக் கேட்டனான், அது கையைப் பிடிச்சு இறக்கி விட்டுது" என்று பிறகு போனில் சொன்னா. அதைச் சொல்லும்போது அம்மா சிரித்தா. அவ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

அதிபர் அம்மாவின் படிவத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் வீட்டில் யார் பேச்சைக் கேட்பது?" என்றார். கடைசியாக வந்ததை என்றேன்.

புதுப் பள்ளிக்கூடத்தில் தனி அறை. படிவம் கிடையாது. விலாசத்தை அம்மாவுக்கு மட்டும் கொடுத்திருக்கிறேன். உங்கள் மின்னஞ்சலை இன்றோடு நிறுத்தி வைக்கிறேன். வீட்டுக்கு எப்போது வருவேன் என்று கேட்கவேண்டாம்.

யாமினி


லிட்கம்
07.12.2025, ஞாயிறு

என் மகள் யாமினிக்கு,

இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியாது. உன் விலாசம் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை, அவள் தரவுமில்லை. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் உப்பு, புளி, குப்பை வாளி பற்றி மட்டும்தான் கதை. போன சனிக்கிழமை காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, "கோயிலுக்கு வாறியோ?" என்று கேட்டேன். "நான் ரயிலில வாறன்" என்றாள். மேய்ஸ் ஹில்லுக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் இல்லை, நல்ல தூரம் நடக்க வேண்டும் என்று சொன்னேன். "நடக்கிறன்" என்றாள். நடந்துதான் வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் கையைக் காட்டிக்கொண்டு நின்ற எனக்குப் பக்கத்தால், யாரோ ஒரு ஆளைத் தாண்டுகிற மாதிரித் தாண்டிப் போனாள். யாமினி, நீ கண்டிருக்க வேண்டும், உனக்கு நல்ல சந்தோஷமாக இருந்திருக்கும்.

நேற்று நீ அம்மாவுக்குப் போன் எடுத்த நேரம் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்தேன்.

"அம்மா நிக்கிறாவா?" என்றாய்.

"குளிக்கிறா. நீ எப்பிடி இருக்கிறாய் பிள்ளை?"

"நல்லா இருக்கிறன்."

அதற்குப் பிறகு நீயும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். பிறகு நீதான் கேட்டாய்: "அப்பா, நான் அங்க இருந்து எழுதின கடிதங்களை வாசிக்கேக்க உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லையா?"

"ஏன் செய்யாது? பிரஷர் கூடி டொக்டர் ஒரு குளிசையும் கூட்டிப்போட்டார்" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "அம்மா வந்தவுடன எடுக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

குளிசைக் கதை பொய். எனக்குப் பிரஷர் இல்லை. வாயில் வந்த ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினேன், அந்த இடத்தில் குளிசை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நீ இனி அம்மாவின் போனுக்கும் எடுக்கமாட்டாய் என்று பயந்தேன்.

நீ அங்கே கஷ்டப்படுகிறாய் என்று வாசித்த ஒவ்வொரு தரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.