பதினேழாம் எண் வீட்டு நோயாளி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இப்போது சுகம். அந்த ‘இப்போது’ எதற்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் உன் குரல் கேட்டால் பாதியிலேயே வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அழு, நடுவில் அழாதே.

நம் தெருமுனையில் பூட்டிக் கிடந்த சலவைக் கடையில் ஒரு கிளினிக் திறந்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாகக் காய்ச்சல் என்றாலும் இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும், அதனாலேயே நம் தெருவில் யாரும் நோய் முற்றும்வரை போவதில்லை, உனக்குத் தெரியாததா. வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்க, தெருவைத் தெரிந்தவர்களையே பயிற்சி கொடுத்து மாதச் சம்பளத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆளாய்ப் போய் நின்றவள் உன் அம்மா. ஐம்பத்திரண்டு வயதில், அதுவரை ஆபீஸ்களில் தரை துடைத்தவள். இந்த வயதில் பள்ளிக்கூடமா என்று கேலி செய்தேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

தெருவில் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தேன். இடது கால் சுண்டுவிரலில் ஆணி கீறிய புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. பெயிண்டருக்கு ஏணிதான் சோறு போடுகிறது, காலில் கோளாறு என்றால் மேஸ்திரி வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். குளிர்கிறது என்று சொல்லி வீட்டுக்குள்ளும் காலுறையோடு திரிந்தேன். மழையால் வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் உன் அம்மா, கையில் சாவியை வைத்துக்கொண்டே வாசலில் நிற்கிறாள். “ஐயா, பதினேழாம் நம்பர் வீடு இதுதானே? உங்களுக்கு என்ன வயசு?” என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. “பதினாறு வரைக்கும் பாத்தாச்சு. பதினேழை விட்டுட்டு பதினெட்டுக்குப் போக முடியாதுங்க.” நாற்காலியில் உட்கார்ந்தேன். கைவிரலில் குத்திச் சுகர் பார்த்தாள், நம்பர் எகிறியிருந்தது. பிறகு தரையில் உட்கார்ந்து அவளே காலுறையைக் கழற்றினாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அதையும் நோட்டில் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் மனைவியானாள். “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். 

கிளினிக் டாக்டர் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் காலே போயிருக்குமாம். நடக்கிறேன் மகளே, பயப்படாதே. ஆனால் ஏணி ஏறக்கூடாது என்றதும் இரண்டு வாரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வீடு உன் அம்மா சம்பளத்தில் ஓடுகிறது, சமையல் என் பொறுப்பு, உப்பு ஒரு கல் கூடினாலும் பாடம் நடத்துகிறாள். போன மாதம் கிளினிக் கூட்டத்தில் எழுந்து, “அஞ்சு மணிக்கே மூடினா வேலைக்குப் போறவங்க எப்ப வருவாங்க? எங்க வீட்டுக்காரர் விரல் போனது அப்படித்தான்” என்றாளாம். என்னைக் கேட்காமலே என் விரலைச் சபையில் வைத்துவிட்டாள். அதில் பாதிதான் உண்மை, மீதி என் பிடிவாதம். ஆனாலும் இப்போது வாரத்தில் மூன்று நாள் எட்டு மணிவரை திறந்திருக்கிறது. ஒரு சாயங்காலம் மேஸ்திரியே வரிசையில் நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தரையில் நின்று செய்கிற கதவு, ஜன்னல் வேலை வந்தால் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிட்டால் போவேன்.

இந்தச் சுகர் குடும்பத்தில் இறங்குமாம். என் மூக்கும் பிடிவாதமும் உனக்கு வந்தது போதும் கண்ணு. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள் நீ, இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நம்பரைச் சொல். உன் அம்மா தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் என் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். அங்கே உன் பாதத்தை யார் பார்க்கிறார்கள்? மாப்பிள்ளையிடம் கேள், கூச்சப்படாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா